எதிர் நாற்காலி

மே 28

அன்புள்ள அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது தங்கச்சி எலி போனை விடவே இல்லை. விட்டிருந்தாலும் எனக்குப் போனில் பேச வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

எலி சாப்பிடுவதே இல்லை. ஒன்பது வயதுக்கு இருபது கிலோகூட இல்லை என்று பள்ளிக்கு வந்த டாக்டர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். உன் பார்சல் வந்தால் அந்த வாரம் சாக்லேட்தான் சோறு. தீர்ந்ததும் கீழ்வீட்டு அத்தையின் டிவி முன்னால் சிப்ஸ். மிரட்டினேன், கெஞ்சினேன். ஒரு கேரட்டுக்கு ஒரு சாக்லேட் என்று பேரமும் பேசினேன். கேரட்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சாக்லேட்டுக்குக் கை நீட்டுகிறாள். சும்மாவா எலி என்று பேர் வைத்தோம்?

இன்னொன்று. என்னைப் போல் படிப்பை நிறுத்தியவர்களுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காக மாலை வகுப்பு நடத்துகிறார்கள். நாலு முதல் எட்டு வரை, செப்டம்பரில் தொடக்கம். பெயர் கொடுத்துவிட்டேன். ஆகஸ்டில் நீ ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்துவிடுவாய் என்ற தைரியம்தான். அப்பாவுக்கு எப்போதும் இரண்டாம் ஷிப்ட், ராத்திரிதான் வருகிறார்.

உன் மூத்தவள்

ஜூன் 12

என் மூத்த கண்ணுக்கு,

படித்ததிலிருந்து எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. ஆசையாக அனுப்பியது வினையாகிவிட்டதே! இனி சாக்லேட் கிடையாது.

இங்கே வேலை செய்யும் வீட்டில் நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளையும் இப்படித்தான் இருந்தது. இந்த வீட்டு அம்மா ஒரு வழி சொன்னார். தினமும் ஒரே நேரம், டிவி கூடாது. எதிரில் உட்கார்ந்து அதே சாப்பாட்டை நாமும் சாப்பிட வேண்டும். 'சாப்பிடு' என்று மட்டும் சொல்லக் கூடாது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. மூன்றாம் வாரம் பிள்ளை என் தட்டிலிருந்தே பீன்ஸை எடுத்தது!

நீ அடுப்படியில் நின்றபடி சட்டியை வழித்துத் தின்பாய். அதை முதலில் விடு. பார்த்துத்தானே அவளும் பழகுவாள்?

வகுப்பில் சேர்வது நல்லது. படி.

அம்மா

ஜூலை 26

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சொன்னபடி எலிக்கு எதிரில் உட்கார்ந்து பதினொரு நாள் நான் மட்டும்தான் சாப்பிட்டேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு நெஜமாவே கீரை பிடிக்குமா, நடிக்கிறியா?"

"பிடிக்காதுடி. பசிக்குதே, என்ன செய்ய?"

சிரித்துவிட்டாள். மறுநாள் ஒரு பிடி தின்றாள். இப்போது முட்டை, பருப்பு, கேரட் எல்லாம் போகிறது. ஒரு கிலோ ஏறியிருக்கிறாள்.

ஒரே தொல்லை, எதிரில் நான் இருக்க வேண்டும். வகுப்புப் புத்தகம் வாங்க ஒரு மாலை எங்கள் ஏழு மணிச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். அத்தை தட்டு வைத்தாராம். "நாற்காலி காலியா இருக்கே" என்று எலி தொடவே இல்லை.

பரவாயில்லை, இன்னும் ஒரு மாதம்தானே. நீ வந்து அதில் உட்கார்ந்துகொள்.

உன் மூத்தவள்

ஆகஸ்ட் 9

கண்ணு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நான் ஊருக்குப் போகிறேன் என்று தெரிந்த நாள் முதல் இந்தப் பிள்ளை சாப்பிட வாய் திறக்கவில்லை. என் நாற்காலியில் வேறொருத்தியை உட்கார வைத்துப் பார்த்தார்கள், தட்டைத் தள்ளிவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் இரு என்று வீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாஸ்போர்ட்டும் அவர் அலமாரியில்தான் இருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டேன்.

எலிதான் இப்போது சாப்பிடுகிறாளே. நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை? படிப்பு எங்கே ஓடிவிடப் போகிறது?

அம்மா

ஆகஸ்ட் 30

அம்மாவுக்கு,

வகுப்பில் என் பெயரை அடிக்கச் சொல்லிவிட்டேன். ஏன் என்று டீச்சர் கேட்டார். "தங்கச்சி சாப்பிடணும்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

உன்மேல் கோபமில்லை என்று எழுதி, அடித்துவிட்டேன். இருக்கிறது.

நேற்று என் நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளிப் போட்டேன். எலி கவனிக்காமல் சாப்பிட்டாள். அங்கிருந்து வாசல் வரை அளந்து பார்த்தேன், இருபத்தெட்டு சாண். இன்று இன்னொரு சாண் தள்ளினேன். எலி எழுந்து வந்து, பருப்புக் கையாலேயே என்னைப் பழைய இடத்துக்கு இழுத்துவிட்டாள்.

நாளை ஒரு விரற்கடைதான் தள்ளப்போகிறேன். அடுத்த செப்டம்பர் வகுப்பு வரை நாள் இருக்கிறது.

நீயும் அங்கே உன் நாற்காலியைத் தள்ளு அம்மா. தினமும் ஒரு விரற்கடை போதும். வீட்டு அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

உன் மூத்தவள்