கையெழுத்திடாத மன்னிப்பு

ஜூலை 21, அடையாறு

காலை ஓட்டம், பத்து மணிக்குப் பயிற்சி, பிறகு ஐஸ் தொட்டி. இன்றும் கேட்டேன்: "சார், லீக்லேருந்து என் பதிவு வந்துடுச்சா?" குருபிரசாத் சார் எங்கள் கால்பந்து கிளப்பின் செயலாளர், மயிலாப்பூர்க்காரர். வீரர்களின் காகிதங்களெல்லாம் அவர் கையில்தான். "வந்துண்டே இருக்கு எத்தியேன்" என்றார். மூன்று வாரமாக வந்துகொண்டே இருக்கிறது. காரைக்காலிலிருந்து நடந்தே வந்திருந்தாலும் இதற்குள் வந்து சேர்ந்திருக்கும்.

ஜூலை 25

எனக்கு இருபத்தொரு வயது. பதினொரு வயது வரை காரைக்காலில் அத்தை வீடு, அப்புறம் பாரிஸ் புறநகர். அங்கே நான் இந்தியன், இங்கே பிரெஞ்சுக்காரன். அங்கே ஒரு இரண்டாம் டிவிஷன் கிளப்பின் ரிசர்வ் அணியில் போன சீசன் பதினேழு கோல் போட்டேன். முதல் அணிக்கு ஏற்றவில்லை. சென்னையில் முதல் அணி, ஒன்பதாம் எண், இரண்டு வருட ஒப்பந்தம் என்றார்கள். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 4

தெரிந்துவிட்டது.

அறுபத்திரண்டில் புதுச்சேரியும் காரைக்காலும் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது தாத்தா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு பிரெஞ்சுக்காரராகவே இருந்துவிட்டார். அதனால் அப்பா, அதனால் நான். என்னிடம் இருப்பது பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் வம்சாவளி இந்தியருக்கான அட்டையும். சார் அந்த அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், தமிழைக் கேட்டார், இந்திய வீரர் பட்டியலில் சேர்த்து அனுப்பிவிட்டார். பாஸ்போர்ட்தான் கணக்கு என்று லீக் திருப்பி அனுப்பிவிட்டது. ஒரு அணிக்கு இத்தனைதான் என்றிருக்கும் வெளிநாட்டு வீரர் இடங்களோ நிரம்பிவிட்டன.

"அட்டையிலேயே இந்தியான்னு போட்டிருக்கேடா, அது போதும்னு நெனைச்சுட்டேன்" என்றார். அப்பீல் போட்டிருக்கிறாராம். அதுவரை கிளப் முதலாளி காதுக்குப் போகக்கூடாது என்று கெஞ்சினார். அப்பா வயது மனிதர். தலையாட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 5

ஏன் தலையாட்டினேன்?

ஆகஸ்ட் 11

ஏசி, கார், வேளாவேளைக்குச் சாப்பாடு. சார் வீட்டிலிருந்து தயிர்சாதம் வேறு கொண்டுவருகிறார். கூண்டுக்குள் ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை நட்பு ஆட்டத்தில்கூட என்னை இறக்கவில்லை. கேலரியில் உட்கார்ந்து கைதட்டினேன். எனக்கு அழுகை வந்தது, அதுதான் உண்மை.

ஆகஸ்ட் 18

பெசன்ட் நகர் கடற்கரையில் குப்பத்து ஆட்கள் மணலில் ஆடிக்கொண்டிருந்தார்கள். நின்று பார்த்தேன். சூர்யா என்று ஒருவர், படகில் போகிறவர், முப்பது வயதிருக்கும். "காலை வச்சுக்கினு இன்னா வேடிக்கை பாத்துக்கினு கீற? வா நைனா" என்றார். பெயர் கேட்டார். குடும்பப் பெயரைச் சொன்னேன், சின்னப்பையன். "ஆறடி கீற, நீ சின்னப்பையனா!" மணலே அதிரச் சிரித்தார்கள்.

ஆடவில்லை. ஒப்பந்தம்: கிளப் அனுமதியின்றி வெளியே எங்கும் ஆடக்கூடாது, ஆடினால் ஒப்பந்தம் ரத்து.

ஆகஸ்ட் 27

பாரிஸிலிருந்து பழைய கோச் கூப்பிட்டார். இப்போது மூன்றாம் டிவிஷன் கிளப்பில் இருக்கிறார். அவருடைய முன்வரிசை ஆட்டக்காரனுக்கு முழங்கால் போய்விட்டதாம். "உன்னை அவர்கள் விட்டுவிட்டால் செப்டம்பர் முடிவதற்குள் வா. அதற்குமேல் காத்திருக்க முடியாது."

சாரிடம் ஓடினேன். "முதலாளி விடமாட்டார்டா. நீ இந்தியக் கணக்குல ஆடப்போறேன்னு நம்பிண்டிருக்கார்."

நம்பவைத்தது யார்?

செப்டம்பர் 6

வேளாங்கண்ணி கோயில் திருவிழாவை ஒட்டி நாளை குப்பத்து அணிகளின் இறுதி ஆட்டம். சூர்யா அணியில் ஒரு ஆள் குறைகிறது. ஒப்பந்தத்தின் அந்த வரியை நான்கு தடவை படித்தேன். ரத்து. எவ்வளவு அழகான வார்த்தை!

செப்டம்பர் 7

வெறுங்கால். சுடுமணல். மூன்று கோல். கிளப் பனியனைப் போட்டுக்கொண்டுதான் போனேன். ஊரே செல்போனில் படம் எடுத்தது, எடுக்கட்டும். சூர்யா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, "எங்கியோ கீற நைனா நீ, எங்கியோ கீற!" என்று கத்தினார்.

இரண்டு மாதம் கழித்து என் கால் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

செப்டம்பர் 9

மன்னித்துவிட்டார்கள்.

அந்த வீடியோவை ஒரு லட்சம் பேர் பார்த்துவிட்டார்களாம். முதலாளிக்கு ஒரே சந்தோஷம், போஸ்டர் அடிக்கச் சொல்லியிருக்கிறார். மன்னிப்புக் கடிதத்தில் ஒரு கையெழுத்து மட்டும் போதுமாம்.

செப்டம்பர் 10

சார் பேனாவை நீட்டிக்கொண்டே இருந்தார்.

"போடலேன்னா?"

"அடுத்த பதிவு ஜனவரிலதான்டா. அதுவரைக்கும் இப்படியே இருக்க வேண்டியதுதான்."

"அப்பீல்?"

பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். போன வாரமே தோற்றுவிட்டதாம். எனக்கு வெறி வந்துவிட்டது. "நீங்க பண்ண தப்புக்கு நான் மன்னிப்புக் கேக்கணுமா சார்? நான் ஆடணும், எனக்கு வயசு போகுது!" இருபத்தொரு வயதில் வயசு போகிறதாம் எனக்கு. அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடிதத்தோடு போய்விட்டார்.

கத்தியிருக்க வேண்டாம்.

செப்டம்பர் 12

தயிர்சாதம் வரவில்லை.

செப்டம்பர் 15

டிரைவர் ஒரு கவர் கொண்டுவந்தார். என்னை விடுவித்துவிட்டார்கள்! முதலாளி கையெழுத்து, கீழே சார் கையெழுத்து. காரணம் என்ற இடத்தில் "செயலாளரின் பதிவுப் பிழை" என்று இருக்கிறது. போன் போட்டேன், எடுக்கவில்லை.

அக்டோபர் 5, பாரிஸ்

குளிர். எழுபதாவது நிமிடத்தில் என்னை இறக்கினார்கள். இரண்டு தடவை கோலை நோக்கி அடித்தேன், ஒன்று கம்பத்தில் பட்டு வெளியே போனது.

உடைமாற்றும் அறையில் போனைத் திறந்தால் சாரிடமிருந்து செய்தி, இத்தனை நாளில் முதல் தடவை: "நான் இப்போ கிளப்ல இல்லை. ஆத்துலதான் இருக்கேன். கோல் போட்டா சொல்லு."

கோல் போடவில்லை. ஆனாலும் எழுதினேன்: "இருபது நிமிஷம் ஆடினேன் சார்."