பகுதிநேர ஆட்டக்காரன்

போன வாரம் வீட்டுக்குச் சாயம் அடிக்க ஆள் வந்தார்கள். அலமாரியை நகர்த்தியபோது பின்னால் விழுந்து கிடந்த ஒரு ரப்பர் முத்திரை கிடைத்தது. நம் குழுவின் பெயர், அதற்குக் கீழே ‘கௌரவப் பொருளாளர்’. மை காய்ந்து இறுகிப்போயிருந்தது. சும்மா இருக்காமல் எச்சில் தொட்டு அன்றைய பேப்பரில் ஒரு குத்து குத்தினேன். பாதி எழுத்துதான் விழுந்தது. விழுந்த இடம் விளையாட்டுப் பக்கம். ஏதோ ஒரு மாநிலக் குழு ஆட்டக்காரர்களுக்கு மூன்று மாதமாகச் சம்பளம் தரவில்லை என்று செய்தி. போன பருவத்தில் பெரிய பெயர்களாகப் பார்த்து வாங்கிய குழு அது. அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் ஆறு வருடம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. உயிரோடு இருந்தவனிடம் வாய் திறக்காதவன், போனவனுக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறான் பார் என்று நீ கேலி செய்வாய். செய், கேட்டுக்கொள்கிறேன்.

டத்தோ கிராமாட் வட்டாரத்தில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். எழுபதுகளில் பள்ளிக் குழுவில் நீ இடதுபக்கத் தற்காப்பு. நான் தண்ணீர்ப் புட்டியும் கோல் எழுதும் நோட்டும். எங்கள் வீட்டில் அப்பா, பெரியப்பா, சித்தப்பா எல்லாருமே குமாஸ்தாக்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கையில் பேனாவோடு கப்பல் ஏறிய கூட்டம் என்பாய். அதனால் எனக்கு நீ வைத்த பெயர் ‘கிளார்க்கு’. என் கல்யாண மேடையில்கூட அப்படித்தான் கூப்பிட்டாய். மாமனார் முகம் சுருங்கிப்போயிற்று.

சம்பளத்துக்கு ஆடும் லீக் வந்தபோது உனக்குத் துறைமுகத்தில் நிரந்தர வேலை இருந்தது. முழுநேரம் ஆடினால்தான் முழுச் சம்பளம் என்றார்கள். ஓய்வூதியத்தை விட்டுவிட்டுப் பந்தை எடுத்தாய். உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், ஒரு மாதம் உன்னோடு சரியாகப் பேசவில்லை. “நீதான் பொருளாளர் ஆகிட்டியே, என் சம்பளத்தப் பாத்துக்க மாட்டியா?” என்று என்னைக் கேட்டாய். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சும்மா வாய் வார்த்தையாகச் சொல்லவில்லை. அப்போது உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

நாலைந்து பருவம் ஓடியது. பட்டியலில் நாம் கடைசிக்குப் பக்கத்தில் வந்து நின்ற வருடம், டத்தோ பட்டம் வாங்கிய நம் குழுத் தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அவருக்குக் கோப்பை வேண்டும். வேறு மாநிலங்களில் ஒப்பந்தம் முடிந்த மூன்று ஆட்டக்காரர்களின் பெயரைச் சொன்னார். ஒப்பந்தம் முடிந்தவர்கள், பழைய குழுவுக்கு நாம் ஒரு காசும் கொடுக்க வேண்டாம், இலவசமாக வருகிறார்கள் என்றார். கமிட்டியில் எல்லாரும் தலையாட்டினோம். அப்படி வருகிறவனை நாலு மாநிலம் கூப்பிடும், அவன் விலையை அவனே ஏற்றிக்கொண்டு போவான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் ஐந்நூறு ஐந்நூறாக ஏறியது. கையெழுத்துப் போடுவதற்கென்று தனியாக ஒரு தொகை, அதற்குமேல் வாடகை வீடு. இது போதாதென்று முழங்காலில் பட்டைத்துணி சுற்றிய ஒரு வெள்ளைக்கார முன்னணி ஆட்டக்காரனையும் டத்தோ கூட்டிவந்தார். அவனுக்கு ஓட்டிக்கொண்டு திரிய ஒரு காடியும் கொடுத்தோம்.

அந்த வருடம்தான் காற்பந்துச் சங்கம் சம்பள உச்சவரம்பு கொண்டுவந்தது. ஒரு குழு மாதச் சம்பளமாக இவ்வளவுதான் தரலாம், மீறினால் புள்ளியை வெட்டுவார்கள். நாலு பேரையும் சேர்த்துக் குழுவின் மொத்தச் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்தேன். வரம்பைத் தாண்டி இரண்டாயிரத்துச் சொச்சம் நின்றது. பதிவுக்கு இன்னும் ஒரு வாரம். புதிதாக வந்தவர்கள்மேல் கை வைக்க முடியாது, கையெழுத்தாகிவிட்டது. உன் சம்பளம் இரண்டாயிரத்து ஐந்நூறு.

விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். பகுதிநேர ஆட்டக்காரர்களின் சம்பளம் வரம்புக்குள் வராது என்று ஓரிடத்தில் இருந்தது. வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிற வாத்தியார்கள், போலீஸ்காரர்களுக்காக எழுதிய விதி. அடுத்த பக்கத்திலேயே இன்னொன்றும் இருந்தது. பகுதிநேரத்தார் குழுவின் காப்புறுதியில் சேர மாட்டார்கள், அடிபட்டால் அவரவர் முதலாளி பொறுப்பு.

நான் பகலில் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். பீச் ஸ்திரீட்டில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இழப்பீட்டுக் கடிதங்களைப் பார்க்கிறவன். மற்றவர்கள் கண்ணுக்குத் தப்பலாம், என் கண்ணுக்கு அந்த வரி தப்பாது. இரண்டு தடவை படித்தேன். பதினைந்து வருடத்தில் இவனுக்குப் பெரிதாக ஒரு சுளுக்குக்கூட வந்ததில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக் கெட்டவர்களின் காகிதங்களைத்தான் பத்து வருடத்துக்கு மேலாக மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தும் நினைத்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், எழுதக் கை கூசுகிறது. உன் பெயரைப் பகுதிநேரம் என்ற பட்டியலுக்கு மாற்றிக் கூட்டியபோது கணக்கு வரம்புக்குள் வந்து நின்றது. அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டத்தோ தோளில் தட்டி, இந்த ஆள் இல்லாவிட்டால் குழுவே இல்லை என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன்.

பகுதிநேரம் என்று காட்ட ஒரு முதலாளியின் கடிதம் வேண்டும். உனக்குத்தான் வேறு வேலையே இல்லையே. அக்கரையில் மாக் மண்டினில் இரும்புப் பட்டறை வைத்திருந்த ஒரு சீனத் தௌக்கே எனக்குப் பழக்கம். நீ அங்கே ஸ்டோர் கீப்பர் என்று கடிதம் தயாரித்தேன், அவர் கையெழுத்துப் போட்டார். குழுவின் தாளில் உனக்கு எழுநூறு வெள்ளி. மீதியை மாதாமாதம் டத்தோ கவரில் போட்டுக் கையில் தருவார் என்று பேச்சு.

ஃபாரத்தை எடுத்துக்கொண்டு சூலியா தெருவில் நாம் வழக்கமாகச் சாப்பிடும் கடைக்கு வந்தேன். மதிய நேரம், நல்ல கூட்டம். உனக்கு எழுதுவது இடது கை, சாப்பிடுவது வலது கை. நான் விஷயத்தைச் சொன்னேன், பாதி விஷயத்தை. பட்டறையில் வேலை என்றும் சம்பளம் எழுநூறு என்றும் தாளில் இருக்கும், மீதி கையில் வரும், குழுவுக்காக ஒரு வருடம் விட்டுக்கொடு என்றேன். காப்புறுதியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

“படிச்சுப் பாருடா,” என்றேன். அதுவும் சொன்னேன். நீ படிக்க மாட்டாய் என்று தெரிந்துதான் சொன்னேன்.

“நீ படிச்சிட்டல்ல, போதும்லா. எங்க சைன் வைக்கணும்?”

மீன்குழம்பில் இருந்த வலது கையை எடுக்காமலே இடது கையால் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாய். சாப்பாட்டுக்கு நீதான் காசும் கொடுத்தாய்.

அந்தப் பருவம் எப்படிப் போனது என்று உனக்கே தெரியும். வெள்ளைக்காரன் ஆறு ஆட்டம் ஆடினான், பிறகு அந்த முழங்கால் அவனை ஆட விடவில்லை. மற்ற மூன்று பேரும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் யார் சம்பளம் யாரைவிடக் கூட என்று தெரிந்த நாளிலிருந்து ஒருவனுக்கு ஒருவன் பந்து கொடுப்பதைக் குறைத்துக்கொண்டான். பழைய பையன்களும் முறுக்கிக்கொண்டார்கள். திடலுக்கு ஆள் வருவது குறைந்தது. உன் கவர் இரண்டு மாதம் வந்தது, மூன்றாவது மாதம் வரவில்லை. நீ ஒரு தடவை கேட்டாய், அடுத்த மாதம் சேர்த்து வரும் என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. எழுநூறில் தங்கச்சி எப்படிக் குடும்பம் நடத்தினாள் என்று நானும் கேட்கவில்லை.

அப்புறம் அந்த மழை ஆட்டம். நடுத்திடலில் பந்தைப் பறிகொடுத்தது புதிதாக வந்தவர்களில் ஒருவன். தன் வேலை இல்லை என்பதுபோல அவன் நின்றுவிட்டான். நீ உன் இடதுபக்கத்தை விட்டு ஓடிவந்தாய், முப்பத்து மூன்று வயதில் அப்படி ஓட வேண்டிய அவசியமே இல்லை. ஈரப் புல்லில் உன் கால் மாட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. நான் மேலே கமிட்டி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது என் மனதில் முதலில் வந்தது உன் கால் இல்லை. விதிப் புத்தகத்தின் அந்தப் பக்கம்தான் வந்தது.

முழுநேர ஆளாக இருந்திருந்தால் அதே வாரத்தில் சிறப்பு மருத்துவரிடம் அறுவைச் சிகிச்சை, ஒரு வருடச் சம்பளமும் வந்திருக்கும். நீ பொது மருத்துவமனையில் முறை வருவதற்கு நாலு மாதம் காத்திருந்தாய். அவர்கள் செய்ய முடிந்ததைச் செய்தார்கள், ஆனால் அதற்குள் கால் மடங்காமல் இறுகிவிட்டது. இதற்கிடையில் புதிய மூன்று பேரில் ஒருவனுக்குக் கணுக்காலில் அடி. மூன்றாம் நாளே தனியார் மருத்துவமனையில் பூங்கொத்தோடு அவன் படம் பேப்பரில் வந்தது. அந்தப் பேப்பர் உன் கட்டில்மேல் கிடந்தது.

“எனக்கு ஏன்டா இல்ல?” என்று கேட்டாய். கோபமாகக் கேட்கவில்லை, விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய்.

விதியை இப்போது மாற்றிவிட்டார்கள், அவனுடையது வேறு மாதிரி ஒப்பந்தம் என்று ஏதோ உளறினேன். நீ “ஓ” என்றாய். பிறகு எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாய்.

அந்தப் பருவத்தின் முடிவில் டத்தோ தலைவர் பதவியை விட்டுப் போய்விட்டார், நானும் விலகினேன். நீ வேலை தேடினாய். துறைமுகத்தில் மறுபடி எடுக்க மாட்டோம் என்றார்கள். கடைசியில் அந்தப் பட்டறைத் தௌக்கேயிடம்தான் போய் நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே, நீதானே எழுதிக் கொடுத்தாய், வரச் சொல் என்றார். அதே ஸ்டோர் கீப்பர் வேலை. நான் பொய்யாக எழுதிய வேலையில் நீ மெய்யாகவே போய் உட்கார்ந்தாய். “நீ எழுதுனது பலிச்சிருச்சுலா, கிளார்க்கு,” என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாய். தினம் காலையில் ஃபெரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி அக்கரைக்குப் போய்வந்தாய். வேலையாக நானும் அக்கரைக்குப் போக வேண்டியிருந்தால், உன் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு ஃபெரியில் போன நாட்கள் உண்டு.

பல வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ உன் மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. பிளாஸ்டிக் பையிலிருந்து காகிதத்தை எடுத்து, நான் படித்துச் சரி என்றால்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னாய். மெதுவாக மூன்று தடவை படித்தேன். நல்ல ஒப்பந்தம்தான் என்றேன்.

“இன்சூரன்ஸ் எங்க போட்டிருக்கு? கொஞ்சம் காட்டு.”

மூன்றாம் பக்கத்தில் விரல் வைத்துக் காட்டினேன். நீ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதடு அசைய, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாய். நீ ஒரு ஃபாரத்தைப் படித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தலையைத் தூக்காமலே இன்னொன்று கேட்டாய்.

“பார்ட் டைம்னு எங்கயும் போடலல்ல?”

“இல்லடா,” என்றேன்.

“சரி. சைன் வைமா,” என்று மகளிடம் பேனாவைக் கொடுத்தாய். அப்புறம் தேநீர் குடித்துக்கொண்டே டுரியான் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய்.

நீ எல்லாம் தெரிந்து கேட்டாயா, இல்லை பட்டவன் கேட்கிற கேள்வியாகக் கேட்டாயா, எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பிள்ளை பக்கத்தில் இருக்கிறாளே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அவள் முன்னால் நடந்து காடிக்குப் போன பிறகும் நீயும் நானும் வாசல் கேட் அருகில் ஐந்து நிமிடம் நின்றோம், அப்போதும் சொல்லவில்லை. நாலு மாதத்தில் உன் இதயம் நின்றுவிட்டது.

உன் காரியம் முடிந்த அன்றைக்குத் தங்கச்சி என்னிடம் ஒரு பை நிறையக் காகிதம் கொண்டுவந்து கொடுத்தாள். “எந்தக் காகிதம் வந்தாலும் அண்ணன்கிட்ட காட்டாம சைன் வைக்காதன்னு சொல்லிட்டுப் போயிருக்காருண்ணே,” என்றாள். அவளிடமாவது சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். அடுத்த வருடத் திதியிலும் நினைத்தேன். சொன்னால் அந்தப் பை வேறு வீட்டுக்குப் போய்விடும். போகட்டும் என்று விடவும் எனக்கு மனம் வரவில்லை. உன் வீட்டு வரி, அவளுடைய சேமநிதி, சின்னவனின் படிப்புக் கடன், எல்லாம் ஆறு வருடமாக என் மேசைக்குத்தான் வருகிறது. ஒவ்வொன்றையும் பின்பக்கம்வரை படிக்கிறேன். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் என்மேல் ஒரு சின்னச் சந்தேகம்கூடக் கிடையாது. அதுதான் தாங்க முடியவில்லை.

நேற்று உன் மகள் போன் செய்தாள். வீடு வாங்கப் போகிறாளாம். பத்திரத்தை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வருகிறேன், நீங்கள் படித்துப் பார்த்துச் சொன்னால்தான் கையெழுத்து மாமா என்றாள்.

வாம்மா என்றேன்.