அஞ்சு மணிக்கு நான் எங்கே போனேன்

பெரியவளோட அம்மாவுக்கு,

எனக்கு நாலு நாள் வெளியூரில் கட்டட வேலை. காலையில் காரை எடுக்காதே. பத்து மணிக்கு மெக்கானிக் புது பேட்டரியோடு வருவார். சாவி சர்க்கரை டப்பா மேல் இருக்கு.

பழைய பேட்டரி இன்னும் ஆறு மாதம் தாங்கும்னு உன்னிடம் அடித்துப் பேசினேன். மறுநாளே அது படுத்துவிட்டது. ஒத்துக்கொள்ள வெட்கம். அதனால்தான் தினமும் அஞ்சு மணிக்கு எழுந்து, வண்டியைத் தெருச் சரிவில் தள்ளி ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு வைத்தேன். நீ சாவியை ஒரு தடவை திருப்பினதுமே வண்டி கிளம்பியது அப்படித்தான்.

நான் திருட்டு சிகரெட்டுக்குப் போறேன்னு ஒரு வாரமா முகத்தைத் தூக்கி வைத்திருக்கே. சத்தியமா இல்லை. வண்டிக்குள் மோந்து பார், உன் பவுடர் வாசனைதான் வரும்.

மெக்கானிக்கிடம் இதைச் சொல்லாதே, சிரிப்பார். நீ மட்டும் சிரி. நீ சிரித்து ஒரு வாரம் ஆச்சு.