அத்தை வேற குடும்பம்

2025 மார்ச் 4, செவ்வாய்

வேங்கிக்கால் அலுவலகத்தில் பெண் ஊழியர்களுக்கு மார்பகப் பரிசோதனை முகாம். முதலில் ஒரு படிவம். பதினோரு வயதில் பெரியவளானேன், பிள்ளை பெறவில்லை, எடை ஜாஸ்தி. ஆபத்தைக் கூட்டுபவை என்ற பட்டியலில் நன்றாகவே தேறினேன். பள்ளியில்கூட இப்படித் தேறியதில்லை. ‘குடும்பத்தில் யாருக்காவது?’ – இல்லை.

நர்ஸ் சினேகா, “கைக்கு ஒண்ணும் தட்டுப்படலைங்க. நாப்பத்தாறு வயசாவுது, மேமோகிராம் எடுத்துடுங்க” என்றாள். 17-ஆம் தேதி போக வேண்டும்.

மார்ச் 6

குளிக்கும்போது நானே தடவிப் பார்த்தேன். நான்கு முறை. ஐந்தாவது முறை விலா எலும்பைக் கட்டி என்று முடிவு செய்துவிட்டேன்.

பக்கத்து சீட் ஆர்த்தி: “கறுப்பு பாடி போட்டா வரும்க்கா.” சுத்த உளறல். வரும் வழியில் வெள்ளையில் இரண்டு வாங்கினேன்.

மார்ச் 9, ஞாயிறு

அம்மா மல்லாட்டையை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டே சொன்னாள்: “உங்க அத்தை சரசுக்கும் மாருலதான் வந்துது. வெளிய சொல்லாத.”

அத்தை மஞ்சள்காமாலையில் போனதாகத்தானே இத்தனை வருஷம் சொன்னார்கள்? போனபோது அவளுக்கு முப்பத்தொன்பது வயது.

“படிவத்துல இல்லன்னு எழுதிட்டேனேம்மா!”

“சரியாத்தான் எழுதியிருக்க. கட்டிக் குடுத்துட்டா அவ வேற குடும்பம்.”

ரேஷன் கார்டில் பெயரை நீக்கினால் ரத்தத்திலும் நீங்கிவிடும் போலிருக்கிறது.

மார்ச் 10

சினேகாவிடம் போய்ச் சொன்னேன். “அப்பா வழியும் சேரும்ங்க. அதுவும் சின்ன வயசுல. வந்துடும்னு அர்த்தமில்ல, விடாம பாக்கணும்னு அர்த்தம்.” பிறகு, “அத்தைக்குப் பொண்ணு இருக்காங்களா?”

இருக்கிறாள். கீழ்பென்னாத்தூரில் ஓவியா. முப்பத்தெட்டு. ஆறு நாளாக என்னைத் தவிர யாரையும் நினைக்கவில்லையே, சீ.

மார்ச் 13

அம்மா: “ஓவியாகிட்ட சொல்லித் தொலைக்காத. அவளுக்கும் வயசுப் பொண்ணு இருக்குது, யாரு கட்டுவான்?” பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் தெருவரை நிற்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு போன் செய்தேன்.

அத்தைக்கு வந்தது எதுவென்று ஓவியாவிடம் சொன்னேன். அவள்: “தீபாவளிலேர்ந்து ஒரு கட்டி இருக்குது அண்ணி. வலியே இல்ல. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல.”

மார்ச் 20

எனக்கு ஒன்றுமில்லையாம். வருஷா வருஷம் பார்க்க வேண்டும். சந்தோஷப்பட வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 8

ஓவியாவுக்கு நாளை ஆபரேஷன். கட்டி புற்றுதான், ஆனால் பரவவில்லை என்கிறார்கள். ஆஸ்பத்திரிப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். ‘குடும்பத்தில் யாருக்காவது?’ – ஆம், தாய். ‘உடனிருப்பவர், என்ன உறவு?’ என்ற இடத்தில் பேனா நின்றது.

மடியில் ஓவியாவின் துணிப்பையோடு உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

“என்னாத்த யோசிக்கிற? குடும்பம்னு எழுது.”