கொம்புக்கு வாங்கிய நீலம்

மயிலம் பக்கம்,
பங்குனி 9

அன்பு மகள் புனிதாவுக்கு அப்பா தாண்டவராயன் எழுதுவது. மயிலம் முருகன் புண்ணியத்தில் இங்கே அம்மாவும் மாடுகளும் நலம். காருக்கு ஒரு மாதமாக உடம்பு சரியில்லாமல் இருந்து இப்போதுதான் தேறியிருக்கிறது. எனக்குத்தான் இன்னும் தேறவில்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். முகம் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம் இல்லையம்மா இது. நாலு நாளாக எழுதிக் கிழித்து, இன்றுதான் முழுசாக எழுதுகிறேன்.

கொல்லையில் மல்லாட்டை பிடுங்க ஆரம்பித்துவிட்டோம், கடலை பரவாயில்லை. உனக்கு வறுத்து அனுப்ப அம்மா இப்போதே டப்பா தேடுகிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ கனடா போகும்போது விட்டுப்போன காரின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததும், உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த பூவரசனின் திண்டிவனம் ஷெட்டில் விட்டு வெல்டிங் வைத்ததும் உனக்குத் தெரியும். வெல்டிங் வைத்தபோதே அவன், மாமா, இதுக்கு சூடு தாங்குற பெயிண்ட்தான் அடிக்கணும், விழுப்புரத்தில் கிடைக்கும் என்றான். நீயும் அதையே சொல்லி, அறுநூறு டிகிரி போட்ட டப்பாவாகப் பார்த்து வாங்குங்கப்பா, துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னரில் துடைத்து, லேசாக இரண்டு முறை அடித்து, அப்புறம் இஞ்சினை ஓடவிட்டு ஆறவிட்டுச் சூடு காட்டுங்க என்று வரி வரியாக அனுப்பினாய். நான் விழுப்புரம் போனேன், அது பொய்யில்லை. கடைக்காரர் மூன்று டப்பாவை எடுத்து வைத்து, இஞ்சின் பக்கத்துக்கா பின்பக்கத்துக்கா, எது வேணும் பார்த்துச் சொல்லுங்க என்றார். டப்பாவில் தமிழில் ஒரு எழுத்து இல்லை, பொடிப்பொடியாக இருந்த எண்களில் எது டிகிரி என்றும் தெரியவில்லை. பக்கத்தில் பேண்ட் சட்டை போட்டவர்கள் நாலு பேர் நின்றார்கள். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று வெறுங்கையோடு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கடையில் சரக்கு இல்லை என்று அம்மாவிடம் அளந்தேன். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடித்த நீலப் பெயிண்ட் அரை டப்பா மாட்டுக் கொட்டகையில் இருந்தது. வருஷம் பூராவும் வெயிலில் மேயும் மாட்டின் கொம்பிலேயே போகாத பெயிண்ட் இரும்புக் குழாயில் போய்விடுமா என்று என் புத்தி சொன்னது. துருவைக்கூடச் சரியாகத் தேய்க்காமல் சைலன்சர் முழுக்க அப்பிவிட்டேன். அடியில் இருப்பதை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? அன்று சாயங்காலம் நீ போனில் கேட்டபோது, நீ சொன்னதையே அடித்துவிட்டேன் என்றேன். சூப்பர்ப்பா என்று சிரித்தாய் பார், அந்தச் சிரிப்பு இன்னும் என்னைக் குத்துகிறது.

மூன்றாம் நாள் உன் பெரியத்தை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு விழுப்புரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் நிற்கும்போது காருக்கு அடியிலிருந்து குபுகுபு என்று புகை. கொம்பு கருகினது போல ஒரு நாற்றம். பட்டுப்புடவையோடு எல்லோரும் ரோட்டில் குதித்தார்கள், டோல்கேட்காரர்கள் தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். உன் பெரியத்தை, யாரு பண்ண வேலைடா இது என்று கேட்டதும், யோசிக்கக்கூட இல்லை, பூவரசன் வைத்த வெல்டிங் என்று என் வாய் சொல்லிவிட்டது. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். அதோடாவது விட்டேனா? மறுநாள் காரை எடுத்துக்கொண்டு நேரே திண்டிவனம் போய் அவன் ஷெட் வாசலில் நின்று, என் குடும்பத்தையே கொளுத்தப் பார்த்தியாடா என்று கத்தினேன். விழுப்புரத்தில் காலேஜுக்கு வேன்கள் விடுகிற சுதாகர் அப்போது இரண்டு வேனை வேலைக்கு விட வந்திருந்தார். என் சத்தத்தைக் கேட்டு இரண்டையும் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பூவரசன் காருக்கு அடியில் போய்ப் படுத்தான். வெளியே வந்து, நகத்தால் சுரண்டிய நீலப் பொருக்கு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து விரலை மூடிவிட்டான். யார் காதிலும் விழாத மாதிரி, “வெல்டிங்கு நல்லாத்தான் கீது மாமா. இத வூட்டுல போயி பாருங்க” என்றான். அங்கே இருந்தவர்கள் முன்னால் அவன் என்னைக் கேவலப்படுத்தியிருக்கலாம், நியாயமும் அவன் பக்கம்தான். உன் வயதுப் பையன் என் மானத்தைக் கையில் மடித்துக் கொடுத்தான், நானும் அதை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது புனிதா.

அப்புறம் மறுபடியும் விழுப்புரம் கடைக்குப் போய், எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது சார், இஞ்சினிலிருந்து பின்னால் வரை முழுக் குழாய்க்கும் வேணும் என்றேன். அவ்வளவுதான், அவர் சிரிக்கக்கூட இல்லை. அறுநூறு என்ற எண்ணை விரல் வைத்துக் காட்டிக் கறுப்பு டப்பாவைக் கொடுத்தார். இதைச் சொல்லவா அன்றைக்கு அப்படி வியர்த்தேன்! இரண்டு நாள் கம்பி பிரஷ் போட்டு நீலத்தைச் சுரண்டி, நீ எழுதின வரிசைப்படியே அடித்தேன். முதல் சூட்டில் கொஞ்சம் புகைந்தது, ஐயோ என்று பதறினேன், அப்புறம் நின்றுவிட்டது. இப்போது டோல்கேட் தாண்டிப் போய் வந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. பூவரசனிடமும் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். விடுங்க மாமா என்றான். அவன் விட்டது எனக்குச் சௌகரியம், அவனுக்குச் சோறு போடாது. சுதாகரின் வேன்கள் ஒரு மாதமாக அவனிடம் வரவில்லை, அதைப் பார்த்து இன்னும் சிலரும் நின்றுவிட்டார்கள் என்று அவன் அம்மா ஷேர் ஆட்டோவில் உன் அம்மாவிடம் சொன்னாளாம். உன் அம்மா பவுனு என்னிடம் வந்து, “ஊரு முன்னாடி கத்துன வாயிக்கு ஊரு முன்னாடி ஒத்துக்க மட்டும் வலிக்குதா?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நீ பூவரசனுக்கோ சுதாகருக்கோ போன் போட்டு என் சார்பாகப் பேசிவிடாதே. படித்த பிள்ளை வந்து துடைத்துவிடும் என்று இருந்துவிட்டால் நான் மனுஷனே இல்லை. காதுக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். முருகன் உங்கள் இருவரையும் குறையில்லாமல் வைத்திருப்பான். ஒன்று மட்டும் மறக்காமல் செய், உறையைக் கிழித்துப் போடாமல் அதன் மேலிருக்கும் தபால் முத்திரையைப் பார். மயிலத்திலேயே தபால் ஆபீஸ் இருக்கிறது, ஆனால் இதை அங்கே போடப்போவதில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் விழுப்புரம் போகிறேன். சுதாகரும் அவருடைய டிரைவர்களும் எட்டு மணிக்கு டீக்கடையில் கூடுவார்கள். அத்தனை பேர் முன்னாலும் சொல்லி முடித்த பிறகுதான் இது விழுப்புரம் தபால் பெட்டிக்குள் போகும். சொல்லாமல் திரும்பினால் இதையும் கிழித்துவிடுவேன். உன் கையில் இது இருந்தால், உன் அப்பன் சொல்லிவிட்டான்.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. தாண்டவராயன்