அப்பாவுக்கு நூறு போத்தல்கள்

6 ஜூலை 2024, சனி

ரவூப் பாய் இரண்டு சாக்கு நிறையப் பழைய போத்தல்களைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போனார். வீடு வீடாகப் பழைய சாமான் வாங்கும் கரங்குனிக்காரர். மருந்துப் போத்தல், சோடாப் போத்தல், மைப் போத்தல், எல்லாம் கலந்து கிடக்கின்றன. வாளியில் சோடா உப்புக் கரைத்து ஊறப் போட்டிருக்கிறேன். குளிக்க இடமில்லை என்று அம்மா முனகுகிறார். முனகட்டும். இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், எனக்கும் வேறு இடம் கிடையாது.

தேக்காச் சந்தையில் இன்று என் போத்தல்களுக்கு நல்ல வியாபாரம். "சந்தனாதித் தைலம்" லேபிள் ஒட்டியதெல்லாம் மதியத்துக்குள் போய்விட்டது. உள்ளே வெறும் காற்று என்று தெரிந்துதான் வாங்குகிறார்கள். வரவேற்பறைக்கு அழகாம்.

7 ஜூலை, ஞாயிறு

அண்ணன் சுஜீந்திரன் வந்தான். கூடவே லக்ஷனா, அவன் மனைவி. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி அப்பாவின் ஆட்டைத் திவசம், இறந்து ஒரு வருஷம். வருகிறவர்களுக்கு நினைவுப் பொருள் கொடுக்க வேண்டுமாம். என்ன பொருள் தெரியுமா? என் போத்தல்கள். நூறு. அப்பாவின் படம், கீழே "அன்பின் திருவுருவம் அமரர் ஏரம்பமூர்த்தி".

போத்தல்! அந்த ஆளுக்குப் போத்தல்!

அம்மாவின் தலையில் பிராந்திப் போத்தலை உடைத்த ஆள். அம்மாவுக்கு இடது காது கேட்காமல் போனதும் அந்தக் கையால்தான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கண்ணாடித் துண்டுகளை நான்தான் பெருக்கினேன். சுஜீந்திரனுக்குப் பதினெட்டு. பக்கத்து அறையில் இருந்தான். ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்தான். இன்று அதே வாயால் அன்பின் திருவுருவம் என்கிறான், நாக்குக் கூசவில்லை.

சமையலறையில் அம்மாவைக் கேட்டேன், இது உங்களுக்குச் சம்மதமா என்று. வலது காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு, "செத்தவரைப் பத்திப் பேசாத. செஞ்சு குடு" என்றார்.

செய்து கொடுக்கிறேன். வேறென்ன செய்ய?

13 ஜூலை, சனி

முதல் லேபிளை வீட்டு பிரிண்டரில் எடுத்தேன். மேலே பசை தடவியதும் மை கரைந்து அப்பாவின் மீசை வாய்க்குள் ஒழுகியது, மூக்கு கழுத்துக்கு இறங்கியது. அப்படியே விட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. லேசரில் அடித்தால் கரையாது. தேக்காவில் ஒரு அச்சுக் கடையில் கொடுத்திருக்கிறேன்.

16 ஜூலை

நாற்பது முடிந்தது. நாற்பது அப்பாக்கள் மேசையில் நின்று என்னையே பார்க்கிறார்கள். துணி போட்டு மூடிவிட்டேன்.

23 ஜூலை, செவ்வாய்

லக்ஷனா ஒட்டுவதற்கு உதவ வந்தாள். லேபிளுக்கு அடியில் நிற்கும் காற்றுக் குமிழைப் பழைய ஈசி-லிங்க் பஸ் அட்டையால் அழுத்தித் தள்ள வேண்டும். அவளால் அட்டையைப் பிடிக்க முடியவில்லை. வலது கையில் இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தாள்.

என்னவென்று கேட்டேன். டாக்ஸிக் கதவில் மாட்டிக்கொண்டது என்றாள். கேட்பதற்கு முன்பே பதிலைத் தயாராக வைத்திருந்தாள். இந்த மாதிரிப் பதில் கேட்டே வளர்ந்தவள் நான். குளியலறை வழுக்கிட்டுது, அலமாரி இடிச்சிட்டுது. எங்கள் வீட்டில் கதவும் தரையும்தான் எப்போதும் குற்றவாளிகள்.

சட்டைக் கையை மேலே தள்ளினேன். முழங்கைக்கு மேல் நான்கு விரல் பதிந்த அடையாளம், பழையது மஞ்சளாக, புதியது ஊதாவாக.

"மச்சாள், மாமிகிட்ட சொல்லாதீங்க," என்றாள். அழவில்லை. குனிந்து அடுத்த போத்தலை எடுத்தாள். அவள் ஒட்டிக்கொண்டிருந்தது அன்பின் திருவுருவத்தை.



24 ஜூலை

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவேயில்லை. "குடும்பம்னா அப்படி இப்படி இருக்கும், வெளிய கொண்டு போகாத" என்றார். சொல்லிவிட்டு ஆய்ந்த கீரையை மறுபடி ஆயத் தொடங்கினார்.

நீங்களுமா அம்மா? அடி வாங்கிய நீங்களுமா?

27 ஜூலை, சனி

எரிச்சல் தாங்காமல் ஒரு லேபிள் எனக்கென்று செய்தேன். பழைய பிராந்திப் போத்தல், அப்பாவின் அதே படம்.

ஏரம்பமூர்த்தி
வீட்டில் மட்டும் உபயோகிக்க
குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்

ஒட்டி, தேநீர்ச் சாயம் பூசி, வார்னிஷும் அடித்தேன். நான் செய்ததிலேயே நல்ல வேலை இதுதான். தனியாகச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

4 ஆகஸ்ட், ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நாளைக்கு நானே மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

காலையில் லக்ஷனா பெட்டியோடு வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. சாப்பாட்டுக்கு முன்பே சுஜீந்திரன் வந்துவிட்டான். கிளம்பு என்றான். அவள் வரவில்லை என்றாள். அவன் கத்தவில்லை. அப்பாவும் கத்தமாட்டார். அவன் கண் மேசைக்குப் போனது. நான் செய்த அந்தப் போத்தலைப் பார்த்தான். எடுத்துப் படித்தான்.

"இது யாரு செஞ்சது?"

நான்தான் என்று நான் சொன்னேன். ஆனால் அவன் திரும்பியது அவள் பக்கம். நாய், என் வீட்டு விஷயத்தை இவகிட்டயா சொன்ன என்று தலைமுடியைப் பிடித்து இழுத்து முகத்தை மேசையில் அடித்தான். போத்தல்கள் உருண்டு விழுந்து உடைந்தன. கட்டுப் போட்ட அவள் கையை மேசையோடு வைத்து முழங்கையால் அழுத்தினான். அவள் கத்தினாள் பார், அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. அம்மா ஒருநாளும் கத்தியதில்லை அல்லவா.

கைக்குக் கிடைத்த சோடாப் போத்தலால் அவன் தலையில் அடித்தேன். தடித்த கண்ணாடி, உடையவில்லை. மறுபடி அடித்தேன். நெற்றி பிளந்தது. அப்போதுதான் அவளை விட்டான். விட்டுவிட்டு என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாத்தினான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவன் முகத்து ரத்தம் என் வாயில் சொட்டியது. இத்தனையும் அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கையில் கரண்டியோடு.

மேல் வீட்டு ஹனீபா போலீசைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் மட்டும் கூப்பிடாமல் இருந்தால் இதை எழுத நான் இல்லை.

போலீஸ்காரர் அம்மாவைக் கேட்டார், என்ன நடந்தது என்று. அம்மா தரையைப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல. போத்தல் விழுந்துட்டுது."

ஐயோ அம்மா.

5 ஆகஸ்ட்

நேற்று மாலை வரை என்னை ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். விசாரணை முடியவில்லை. ரத்தம் வந்தது அவனுக்கு, போத்தல் இருந்தது என் கையில். லக்ஷனா சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் நானும் அவளும் சேர்ந்துகொண்டு தாக்கினோம் என்று அவன் வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். நான்காவதாக அங்கே இருந்தது அம்மா மட்டும். அம்மா கண்ணில் பட்டதெல்லாம் விழுந்த போத்தல்.

9 ஆகஸ்ட், வெள்ளி

சிங்கப்பூரின் தேசிய தினம். விமானங்கள் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போகின்றன. ஒவ்வொரு இரைச்சலுக்கும் லக்ஷனா திடுக்கிடுகிறாள். அவள் இப்போது எங்களோடுதான்.

சொந்தக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் போன் செய்கிறார்கள். திவசத்துக்கு முன்னால் சமாதானமாகப் போங்கள் என்கிறார்கள். சுஜீந்திரன் அவளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான்: திரும்பி வந்தால் உன் மச்சாள் மேனுகா மேல் கொடுத்த புகாரை விட்டுவிடுவேன். இல்லையென்றால் உள்ளே தள்ளுவேன்.

"நான் போயிடுறேன் மச்சாள். எனக்காக நீங்க ஏன் மாட்டிக்கணும்?"

போனால் செத்துப் போவ என்றேன். போக விடமாட்டேன் என்றும் சொன்னேன். கன்னத்தில் ஒன்று விடலாம் போல அத்தனை ஆத்திரம் வந்தது. கையை இழுத்துக்கொண்டேன். எனக்கும் அதே ரத்தம்தானே. பயமாக இருக்கிறது.

பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிக்கலாம் என்று குடும்ப உதவி நிலையத்தில் சொல்கிறார்கள். பார்த்த சாட்சி இருந்தால் நல்லதாம். அம்மாவைப் பார்த்தேன். எழுந்து போய்விட்டார்.

14 ஆகஸ்ட்

லக்ஷனா பெட்டியை அடுக்கியிருக்கிறாள். திவசம் முடிந்ததும் போகிறாளாம். நான் வாயைத் திறந்தால் கத்துவேன்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

திவசம் அண்ணன் வீட்டில். அம்மா விடியலிலேயே குளித்து வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டார். டாக்ஸி வந்துவிட்டது. லக்ஷனாவுக்குக் கை இன்னும் சரியில்லை, தலை வார முடியவில்லை. அம்மா சீப்பை வாங்கினார்.

வகிடு எடுக்கும்போதுதான் பார்த்திருக்கிறார். உச்சிக்குப் பின்னால் ஒரு கைப்பிடி அளவுக்கு முடியே இல்லை, தோல் மட்டும் புண் ஆறிப் பளபளவென்று இருந்தது. அம்மா சீப்பை வைத்துவிட்டு அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் தொட்டுக்கொண்டிருந்தார். கீழே டாக்ஸிக்காரர் போன் மேல் போன் அடித்தார். போகச் சொல்லு என்றார் அம்மா.

திவசத்துக்குப் போகவில்லை. வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. படையல் வைக்கவில்லை. மூன்று பேரும் காப்பிக் கடையில் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம். அம்மா வெள்ளைச் சேலையோடு குழம்பு சிந்தச் சிந்தச் சாப்பிட்டார்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

அம்மாவேதான் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். குடும்ப உதவி நிலையத்தில் சிவானி என்ற பெண் அதிகாரி, சின்ன வயது, தமிழ் நன்றாகப் பேசுகிறார். லக்ஷனாவின் விண்ணப்பத்துக்குச் சாட்சி எழுத வேண்டும் என்றார். இதைப் போலீஸ் விசாரணைக்கும் கொடுக்கலாம் என்றார். அம்மாவின் வலது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பயப்படாம சொல்லுங்க ஆன்ட்டி. அடிச்சது யாரு?"

"ஏரம்பமூர்த்தி."

சிவானி தட்டச்சு செய்தார். லக்ஷனா என் கையைப் பிடித்தாள். அம்மா மறுபடி அவனைக் காப்பாற்றப் பார்க்கிறாரா, இல்லை, புத்தி தடுமாறிவிட்டதா? அது எங்கள் அப்பா, போன வருஷமே இறந்துவிட்டார் என்று நான்தான் சொன்னேன். சிவானி விரலை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

அம்மா அசையவில்லை.

"தெரியும். கொள்ளி வைக்கும்போது நான் அங்கதான் இருந்தேன். முதல்ல அவர எழுதுங்க. மகன்கிட்ட அப்புறம் வரேன்."