கைப்பிடி லேசாகச் சுற்றுகிறது

மார்ச் 3

இன்றும் காபி கழுநீர்தான். பொடி மணல் மாதிரி விழுகிறது. வடிகட்டியில் ஊற்றும் வெந்நீர் நிற்காமல் கீழே ஓடிவிடுகிறது.

ஆனால் ஒரு நல்ல சேதி. காபிக்கொட்டை அரைக்கிற மிஷினின் கைப்பிடியை நானே சுற்றினேன், வலது கையால், நிறுத்தாமல். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய புதிதில் டம்ளரைக்கூடப் பிடிக்காத கை இது. "பாருங்க, சுத்துது" என்றேன். "பின்ன? தேறிடும்னு நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்றார் இவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

காபி எப்படி என்றால், "நல்லாத்தான் இருக்கு." இருபது வருஷமாக என் காபிக்கு நொட்டை சொன்ன மனிதர். நாக்கு செத்துவிட்டதா என்ன?

மார்ச் 5

கொட்டையில்தான் குறை என்று வேறு கடையில் வாங்கினேன். அதே மணல். நமுத்திருக்குமோ என்று வாணலியில் போட்டுச் சூடு காட்டினேன். வீடெல்லாம் மணம், டம்ளரில் மட்டும் இல்லை.

மார்ச் 6

மிஷினின் அடியில் ஒரு மரை இருக்கிறது. அதை இறுக்கினால் உள்ளே அரைக்கிற பல் இரண்டும் நெருங்கிவரும், பொடி நைசாகும். இறுக்கினேன். ஒரு கட்டத்துக்கு மேல் போகவில்லை. என் கையில் வலு போதவில்லையோ?

இவரிடம் கொடுத்தேன். "முழுசா இறுகித்தான் இருக்கு. பழைய மிஷின், பல்லு தேஞ்சிருக்கும்" என்று திருப்பி வைத்துவிட்டார். லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் எது முனகினாலும் ஸ்க்ரூடிரைவரோடு வந்து நிற்பவர், இதை மட்டும் பிரிக்க மாட்டேன் என்கிறார். சோம்பல், வேறென்ன.

மார்ச் 8

பழையபடி வேலைக்குச் சேர, ரத்தப் பரிசோதனை லேபுக்குப் போனேன். பொறுப்பாளர் என்னைவிடச் சின்னவள். "திங்கக்கிழமையிலேருந்து வாங்கக்கா. ரத்தம் எடுக்குறீங்களா, இல்ல கொஞ்ச நாள் பதிவு மேசையில உக்காருறீங்களா? நீங்க சொல்றதுதான்."

பதிவு மேசையா, நானா? கைக்குழந்தை வந்தால் என்னைத்தானே கூப்பிடுவார்கள். நரம்பே தெரியாத கொழுகொழு கை, அதில் ஒரே குத்து, முடிந்தது. "வீட்ல காபிக்கொட்டையைக் கைமிஷின்ல நானே அரைக்கிறேன்" என்றேன். சிரித்துவிட்டாள். "அப்ப சரிக்கா, ரத்தமே எடுங்க."

திரும்பி வரும்போது என் நடையே வேறாக இருந்தது.

மார்ச் 9

எங்கோ லிஃப்ட் நின்றுவிட்டதென்று இவரைக் கூப்பிட்டார்கள். போனதும் மிஷினைப் பிரித்தேன். நாளைக்கு வேலைக்குக் கிளம்பும்போது ஒரு வாய் நல்ல காபி வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

மரையைக் கழற்றி உள் பல்லை எடுத்தேன். தேயவே இல்லை. விரலைக் கீறியது. அது போய் உட்காரும் இடத்தில் இரண்டு வாஷர்கள், புத்தம் புதுசு. இவர் சட்டையைத் துவைக்கப் போடும்போதெல்லாம் பையிலிருந்து எடுத்து வைப்பேனே, அதே வாஷர். அவை நடுவில் இருக்கும்வரை பல் நெருங்காது. கொட்டை உடையும், அரையாது. சுற்றுவதும் சுலபம்.

எடுத்துவிட்டு மாட்டினேன். சுற்றினேன். மாவு மாதிரி பொடி விழுந்தது, ஒரு சிட்டிகை. அதற்குள் விரல் மரத்துக் கைப்பிடி நழுவிவிட்டது. மறுபடி பிடித்தேன். மறுபடி நழுவியது.

அப்போ இத்தனை நாள் நான் சுத்தினது என்ன?

வந்ததும் வாஷரை அவர் முன்னால் வைத்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். "சுத்த முடியலன்னு அன்னைக்கு அடுப்படில உக்காந்து அழுதியே. பாக்க முடியல. கொஞ்சம் லேசாக்கி விட்டேன். கை தேறினதும் எடுத்துடலாம்னு..."

"நாளைக்கு இந்தக் கையோட ஒரு பச்சப்புள்ளைக்கு ஊசி போட்டிருப்பேன். அப்பவும் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லியிருப்பீங்களா?"

குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்.

யாரைக் கேட்டுச் செஞ்சார்? என்னைக் குழந்தையாக்கி வச்சுட்டார். கோபம் இவர் மேலதானா, பாழாப்போன இந்தக் கை மேலயா, அதுவும் தெரியல.

மார்ச் 10

பொறுப்பாளரிடம் உள்ளதைச் சொன்னேன். பதிவு மேசை. உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. கொஞ்சம் அடங்கி, மறுபடி வீறிட்டது. முதல் குத்து தப்பியிருக்கும். நான் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 11

பேச்சுவார்த்தை இல்லை.

மார்ச் 14

பாதிக் கொட்டை வரை சுற்றினேன். கை நின்றுவிட்டது. பக்கத்தில் சும்மா நின்றிருந்தவர் கைப்பிடியை வாங்கி மீதியைச் சுற்றினார். ரொம்ப நாளைக்குப் பிறகு காபி காபியாக இருந்தது. "கசக்குது" என்றார். அதற்காகவே இன்னொரு டம்ளர் கொடுத்தேன்.

ஏப்ரல் 2

முக்கால்வாசி நான்.

மே 20

இன்று முழுவதும் நான். அவரை அடுப்படிப் பக்கமே விடவில்லை. முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 6

"முதல்ல பெரியவங்க யார் கையிலயாவது எடுத்துக் காட்டுங்கக்கா" என்று பொறுப்பாளர் சொல்லியிருந்தாள். இவர்தான் வந்தார். ஆஸ்பத்திரியில் எனக்கு டிரிப் ஏற்றும்போது தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்ட ஆசாமி. சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நரம்பைத் தடவினேன். விரலுக்குத் தெரிந்தது. குத்தினேன்.

"ஆச்சா?" என்றார். ரத்தம் எடுத்த டியூபில் பேரே எழுதி முடித்திருந்தேன்.

"வலிச்சுதா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது. என்ன சொல்வார் என்று தெரியாதா எனக்கு? என்னைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"வலிச்சுது" என்றார். "குத்தும்போது நல்லாவே வலிச்சுது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.